துருப்பிடிக்காத டிரைவர் ஏன் பழுதாகிறது?

பழைய கணினிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு வசனங்கள் தவறாமல் வந்துவிடும். முதலாவது: "லினக்ஸ் போட்டுவிடு, எந்தப் பழைய பெட்டியிலும் ஓடும்." ஓடாமல் போன பிறகு வருவது இரண்டாவது: "வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த டிரைவர்தானே, அப்படியே விட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்."

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த "அப்படியே விட்டிருந்தால்" என்பதில்தான் குழப்பமே. லினக்ஸ் ஓர் இயங்குதளம்; அதன் மையப்பகுதிதான் கெர்னல், கெர்னலுக்காகச் சாதனங்களோடு பேசும் பகுதி டிரைவர். கெர்னலுக்குள் எதையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அது ஏன் என்று பார்ப்போம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினியை அணைத்துப் போடத் தெரிந்தால் போதும்.

## எந்தக் கணினிகளைச் சொல்கிறோம்?

ஒர்க்ஸ்டேஷன் என்பது 1980களிலும் 90களிலும் பொறியாளர்களும் ஆய்வாளர்களும் வரைகலைக் கலைஞர்களும் பயன்படுத்திய மேசைக் கணினி. வேகத்திலும் விலையிலும் அன்றைய சாதாரண பிசிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன், சிலிக்கான் கிராஃபிக்ஸின் இண்டி, டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷனின் ஆல்ஃபாஸ்டேஷன், ஹெச்பியின் 9000 வரிசை ஆகியவை நன்கு தெரிந்த பெயர்கள்.

இவற்றில் முக்கியமான விஷயம் வயது மட்டும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு பிராசஸர் வகையை வைத்திருந்தது: சன்னுக்கு ஸ்பார்க், சிலிக்கான் கிராஃபிக்ஸுக்கு மிப்ஸ், டிஜிட்டலுக்கு ஆல்ஃபா, ஹெச்பிக்கு பிஏ-ரிஸ்க். கார்டுகளைச் செருகும் இடம்கூட ஊருக்கு ஒரு வழக்கம் மாதிரிதான். சன்னில் எஸ்பஸ், டிஜிட்டலின் டெக்ஸ்டேஷனில் டர்போசேனல். இன்றைய பிசிக்களோ எந்த நிறுவனம் செய்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பிசியில் தெரியவரும் பிழை கோடிப் பேருக்குத் தெரியவரும். ஒரு டர்போசேனல் கார்டில் வரும் பிழை தெரியவர, அந்தக் கார்டை வைத்திருக்கும் யாரோ ஒருவர் அன்றைக்குப் பெட்டியைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

## கெர்னலும் அதன் மொழிபெயர்ப்பாளர்களும்

பலர் வேலை செய்யும் ஒரு பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அறை, லிப்ட் யாருக்கு முதலில், யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்று முடிவுசெய்ய ஒரு நிர்வாகி இருப்பார். கணினியில் அந்த நிர்வாகிதான் கெர்னல். நினைவகத்தையும் பிராசஸரின் நேரத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. இயங்குதளத்தில் நம் கண்ணில் படும் ஜன்னல்களும் ஐகான்களும் கெர்னல் இல்லை. அவையெல்லாம் கெர்னலிடம் அனுமதி கேட்டு ஓடும் நிரல்கள்.

இந்த நிர்வாகிக்கு ஒரு குறை. கட்டடத்தில் உள்ள இயந்திரங்களின் மொழி எதுவும் அவருக்குத் தெரியாது. டிஸ்க் ஒரு மொழி பேசும், நெட்வொர்க் கார்டு இன்னொன்று பேசும். ஆகவே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். பெயரைக் கேட்டு வண்டியோட்டியை நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு; மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

உவமையை விட்டு உண்மைக்கு வருவோம். நெட்வொர்க் கார்டு போன்ற எந்தச் சாதனத்தின் சிப்புக்குள்ளும் எண்களை எழுதும் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அவற்றுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். குறிப்பிட்ட ரெஜிஸ்டரில் குறிப்பிட்ட எண்ணை எழுதினால் அது ஒரு கட்டளை: "அனுப்பு", "நிறுத்து", "மறுபடி முதலிலிருந்து தொடங்கு". வேலை முடிந்ததும் சாதனம் பிராசஸரின் தோளைத் தட்டிச் சொல்லும். அந்தத் தட்டலுக்கு இன்டரப்ட் என்று பெயர். பெரிய அளவில் தரவு வந்தால், பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் சாதனமே அதை நேராக நினைவகத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். இது டிஎம்ஏ.

எந்த எண்ணை எங்கே, எந்த வரிசையில் எழுத வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், தட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும். டிரைவருக்குள் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். லினக்ஸ் கெர்னலின் மூல நிரல் இன்று சுமார் 4 கோடி வரிகள். அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான்.

சரி, இதுவரை: கெர்னல் நிர்வாகி, டிரைவர் மொழிபெயர்ப்பாளர், ரெஜிஸ்டரில் எழுதுவது கட்டளை, இன்டரப்ட் பதில். 1992இல் செய்த சிப்பின் மொழி 1992இலேயே உறைந்துவிட்டது. அப்படியானால் அதன் டிரைவர் ஏன் பழுதாக வேண்டும்?

## மத்தளத்தின் இன்னொரு பக்கம்

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். டிரைவர் மத்தளம். ஒரு பக்கம் சாதனத்தைப் பார்க்கிறது, மறுபக்கம் கெர்னலைப் பார்க்கிறது. பழைய சாதனத்தின் பக்கம் அமைதியாகிவிட்டது. கெர்னல் பக்கம் மட்டும் இடி நிற்பதே இல்லை.

இங்கேதான் பலரும் இரண்டு வாசல்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கெர்னலுக்கு வெளிவாசல் ஒன்று உண்டு. நிரல்கள் அதன் வழியாகத்தான் கெர்னலிடம் வேலை கேட்கின்றன. "எங்கள் மாற்றத்தால் நேற்று ஓடிய நிரல் இன்று நின்றுவிடக் கூடாது" என்பது லினக்ஸில் கிட்டத்தட்ட சத்தியப்பிரமாணம். பல ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்த, அதாவது மூல நிரலிலிருந்து இயந்திர மொழிக்கு மாற்றிவைத்த, நிரல்கூடப் புதிய கெர்னலில் ஓடுவது இதனால்தான்.

டிரைவர்கள் நிற்பதோ உள்வாசலில். கெர்னலின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசும் இடம் அது. அங்கே எந்த வாக்குறுதியும் கிடையாது, அதுவும் தெரிந்தே எடுத்த முடிவு. வேகத்துக்காகவோ பாதுகாப்புக்காகவோ உள்ளே இருப்பதை மாற்ற வேண்டியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுவார்கள்.

ஒரு சின்ன உதாரணம். நிரல் கொடுத்த நினைவக முகவரி சரியான எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் 'ஆக்சஸ்-ஓகே' என்ற உள்செயல்பாடு லினக்ஸில் இருக்கிறது. நெடுங்காலம் அதற்கு மூன்று விவரங்கள் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று 386 என்ற பழைய பிசி பிராசஸர் காலத்து மிச்சம், யாருக்கும் பயன்படவில்லை. 2019இல் வந்த 5.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இனி இரண்டு விவரம் போதும். நல்ல மாற்றம்தான். ஆனால் மூன்று விவரம் கொடுத்துப் பழகிய எந்த டிரைவரும் அன்றிலிருந்து கம்பைலே ஆகாது. அதற்குச் சற்று முன்பு, 4.15 பதிப்பையொட்டி, டைமர்களை அமைக்கும் முறை முழுவதையும் மாற்றினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான கோப்புகளில் கை வைக்க வேண்டியிருந்தது.

யார் கை வைத்தார்கள்? மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே. கெர்னலின் மூல நிரலுக்குள் குடியிருக்கும் டிரைவர்களை எல்லாம், உள்வாசலை மாற்றுகிறவரே தேடித் தேடித் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட நடைமுறை. வெளியே தனியாகக் கிடக்கும் டிரைவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. தயாரிப்பாளர் ஒரு காலத்தில் தனி வட்டில் கொடுத்த டிரைவர் புதிய கெர்னலில் செத்துப்போவதற்குச் சதி எதுவும் காரணம் இல்லை. வீடு இடம் மாறியபோது அதற்கு முகவரி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதுவரை படித்ததும், உள்ளே குடியேறிய டிரைவர் பிழைத்தது என்று தோன்றலாம். பாதிதான் சரி. முந்நூறு டிரைவர்களைத் திருத்துகிறவரிடம் அந்த முந்நூறு சாதனங்களும் இருக்காது. அவர் திருத்துவார், கம்பைல் ஆகிறதா என்று பார்ப்பார், அடுத்ததற்குப் போய்விடுவார். பத்தில் ஒன்பது முறை அது சரியாகவே இருக்கும். பத்தாவது முறை தவறினால் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

சுருக்கமாக: நிரல்களுக்கான வெளிவாசல் மாறாது, டிரைவர்களுக்கான உள்வாசல் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் டிரைவரைத் திருத்த ஆள் உண்டு. அதை ஓட்டிப் பார்க்க ஆள் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி.

## கம்பைல் ஆவது வேறு, ஓடுவது வேறு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பழைய ஒர்க்ஸ்டேஷன்களைக் குப்புறத் தள்ளுவது பெரும்பாலும் இந்த மாதிரிப் பிழைகள்தான்.

தேதியை ஒருவர் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறார். இன்னொருவர் ஆண்டு, மாதம், நாள் என்று படிக்கிறார். எண்கள் அதேதான், அர்த்தம் தலைகீழ். கணினியிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பெரிய எண் நினைவகத்தில் நான்கு பைட்டுகளாக உட்காரும்போது, பெரிய பக்கம் முதலில் வருமா, சிறிய பக்கம் முதலில் வருமா? இந்த வரிசைக்கு எண்டியன்னெஸ் என்று பெயர். பிசிக்களின் எக்ஸ்86 பிராசஸர் சிறிய பக்கத்தை முதலில் வைக்கும். சன்னின் ஸ்பார்க், ஹெச்பியின் பிஏ-ரிஸ்க், சிலிக்கான் கிராஃபிக்ஸ் பெட்டிகளில் இருந்த மிப்ஸ் ஆகியவை பெரிய பக்கத்தை முதலில் வைக்கும். பிசியில் உட்கார்ந்து டிரைவர் எழுதுகிறவர், வரிசையை மாற்றும் ஒரு வரியை மறந்துவிட்டாலும் அவர் கணினியில் எல்லாம் சரியாகவே நடக்கும். அதே நிரல் ஸ்பார்க்கில் எண்களைத் திருப்பிப் படித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது இடம் சார்ந்த பிடிவாதம். நான்கு பைட் எண் ஒன்று, நான்கால் வகுபடும் முகவரியில்தான் தொடங்க வேண்டும் என்பது ஸ்பார்க்கின் விதி. எக்ஸ்86 இதைக் கண்டுகொள்ளாது, எங்கே வைத்தாலும் எடுத்துக்கொள்ளும். ஸ்பார்க் வேலையை அங்கேயே நிறுத்திவிடும்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. பிராசஸர் அடிக்கடி தேவைப்படும் தரவுகளுக்குத் தன் பக்கத்திலேயே ஒரு நகல் வைத்துக்கொள்ளும், அது கேஷ். அறிவிப்புப் பலகையைப் பார்த்துக் கைக்குறிப்பில் எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு குறிப்பை மட்டுமே பார்க்கும் ஆளைப் போல. சாதனம் டிஎம்ஏ வழியாகப் பலகையில் புதிதாக ஒன்றை எழுதிவிட்டால், குறிப்பில் இருப்பது பழைய சங்கதி ஆகிவிடும். பிசியில் வன்பொருளே இதைக் கவனித்துக் குறிப்பைப் புதுப்பித்துவிடும். பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. "உன் குறிப்பைக் கிழித்துப் போடு, பலகையை மறுபடி பார்" என்று டிரைவர்தான் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் கணினி உடனே நின்றுவிடாது. சில சமயம் சரியாகவும், சில சமயம் கோப்பின் நடுவில் நாலைந்து பைட்டுகள் கெட்டும் போகும். நிற்காத பிழையைவிட மோசமான பிழை இல்லை.

மூன்றிலும் ஒரே பாடுதான்: கம்பைலருக்கு எதுவும் தெரியாது, எழுதியவரின் கணினியிலும் எதுவும் தெரியாது. அந்தப் பழைய பெட்டியில் ஓட்டினால் மட்டுமே தெரியும்.

## பராமரிப்பாளரின் மேசையில்

பராமரிப்பு என்றால் புதிதாக ஏதோ எழுதிக்கொண்டே இருப்பது என்ற எண்ணம் உண்டு. நிஜத்தில் பெரும்பாலான நேரம், "போன மாதம் ஓடியது இந்த மாதம் ஏன் ஓடவில்லை" என்று கண்டுபிடிப்பதிலேயே போகும்.

முதல் தடை வேகம். 90களின் பெட்டியில் இன்றைய கெர்னலைக் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் நாள்கணக்கில் ஆகும். அதனால் வேகமான கணினியில் பழைய பிராசஸருக்கான நிரலைத் தயாரித்து எடுத்துச் செல்வார்கள். இது கிராஸ் கம்பைல். நானும் ஒருமுறை அப்படித் தயாரித்து, ஆவலோடு எடுத்துப்போய்ப் போட்டேன். கெர்னல் எழுந்தது, டிஸ்க்கைக் காணோம் என்று புலம்பிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு மாலை முழுக்க டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் பார்த்தால் டிஸ்க் டிரைவரை கெர்னலுக்குள் வைக்காமல் தனி மாட்யூலாக, அதாவது பிறகு ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக, வைத்திருக்கிறேன். அந்த மாட்யூல் இருந்த இடமோ அதே டிஸ்க். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

இரண்டாவது, பிழை எங்கே என்று பார்க்கத் திரையே இருக்காது. கெர்னல் எழுந்த உடனேயே விழுந்துவிட்டால் திரைக்கான டிரைவரும் சேர்ந்தே விழுந்திருக்கும். அதற்குத்தான் சீரியல் கன்சோல்: பழைய சீரியல் போர்ட்டில் ஒரு கேபிளைச் செருகி, கெர்னலின் புலம்பலை எழுத்து எழுத்தாக இன்னொரு கணினியில் வாங்கிப் படிப்பது. சன் பெட்டிகளில் விசைப்பலகையைப் பிடுங்கிவிட்டுப் போட்டால் அவை தாமாகவே சீரியல் போர்ட்டில் பேசத் தொடங்கும். நல்ல பழக்கம்.

மூன்றாவது கருவி எனக்கு மிகவும் பிடித்தது. ஓடிய பதிப்புக்கும் ஓடாத பதிப்புக்கும் நடுவே 10,000 மாற்றங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குற்றவாளி அதில் ஒன்று. நடுவில் உள்ளதை எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி பின் பாதியில், ஓடாவிட்டால் முன் பாதியில். மீதியை மறுபடி பாதியாக்குங்கள். அகராதியில் சொல் தேடுவது போலத்தான். சுமார் 14 முறை ஓட்டிப் பார்த்தால் 10,000இல் அந்த ஒன்று கையில் சிக்கிவிடும். 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை இந்தக் கணக்கை நமக்காகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் 14 முறையும் பெட்டியைப் போட்டு அணைக்க வேண்டியது மனிதர்தான்.

எமுலேட்டரில் சோதிக்கலாமே என்று கேட்கலாம். எமுலேட்டர் என்பது ஒரு கணினியை இன்னொன்றுக்குள் மென்பொருளாக நடிக்க வைப்பது; கியூஎமு என்ற மென்பொருள் ஸ்பார்க், பிஏ-ரிஸ்க், ஆல்ஃபா எல்லாவற்றையும் நடித்துக் காட்டும். பைட் வரிசைப் பிழைகளைப் பிடிக்க அது போதும். கேஷ் சிக்கல் அதில் தெரியாது, ஏனென்றால் நடிக்கிறவருக்குக் கைக்குறிப்பு இல்லை.

டிரைவர் மேல் பழி விழுந்து, கடைசியில் டிரைவர் நிரபராதி என்று தெரியவரும் வழக்குகளும் நிறைய. சன் ஒர்க்ஸ்டேஷன்களில் நெட்வொர்க் முகவரியையும் கணினியின் அடையாள எண்ணையும் வைத்திருக்கும் சிப்புக்குள்ளேயே ஒரு பேட்டரியை வைத்து மூடியிருப்பார்கள். கழற்றி மாற்ற முடியாது. அது தீர்ந்ததும் பெட்டி தன் பெயரையே மறந்துவிடும். 'ஐடிப்ராம்' தவறானது என்று எழும்போதே ஒரு செய்தி காட்டும், நெட்வொர்க் வேலை செய்யாது. புதிதாக வருகிறவர்கள் இதை டிரைவர் பிழை என்று எண்ணி வாரக்கணக்கில் அலைவார்கள்.

## ஏன் நீக்குகிறார்கள்?

சரி, பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்றாலும் அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கட்டுமே, ஏன் நீக்க வேண்டும்? மூலையில் கிடப்பது சும்மா கிடப்பதில்லை என்பதுதான் பதில்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியதே 386 பிராசஸர் கொண்ட கணினியில்தான். 2013இல் வந்த 3.8 பதிப்பில் அதே 386க்கான ஆதரவு நீக்கப்பட்டது. எழுதக் கூடாது என்று குறித்த நினைவகப் பக்கங்களை, கெர்னலே எழுத வந்தாலும் தடுத்துக் காக்கும் வசதி அடுத்து வந்த 486இல்தான் வந்தது. அது இல்லாத 386க்காகக் கெர்னலில் பல இடங்களில் சுற்றுவழிகள் போட்டுவைத்திருந்தார்கள். பல பிராசஸர்கள் சேர்ந்து இயங்கும் பகுதிகளை யார் தொட்டாலும் இவற்றைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. லினக்ஸை எழுதத் தொடங்கிய அந்த வகைக் கணினிக்கான ஆதரவு போவதில் டோர்வால்ட்ஸ் கண் கலங்கவில்லை. தனக்கு அந்த ஒட்டுதல் இல்லை என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்.

ஆல்ஃபாவின் கதை இன்னும் சுவையானது. முதல் தலைமுறை ஆல்ஃபாக்களுக்கு ஒரே ஒரு பைட்டை மட்டும் மாற்றத் தெரியாது. ஒரு பேரேட்டில் ஓர் எழுத்தைத் திருத்த, முழு வரியையும் படித்து, அழித்து, அந்த ஓர் எழுத்தை மாற்றி முழுவரியையும் திரும்ப எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாளாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஒரே வரியில் வேறு வேறு எழுத்துகளை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால், பின்னால் எழுதுகிறவர் முன்னவரின் திருத்தத்தை அறியாமலே அழித்துவிடுவார். இன்றைய கெர்னலோ பக்கத்துப் பக்கத்துப் பைட்டுகளைத் தனித்தனியாக மாற்றலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. 1996இல் வந்த ஆல்ஃபா 21164ஏ முதல் பைட்டைத் தனியாகத் தொடும் கட்டளைகள் வந்துவிட்டன. அதற்கு முந்தைய ஆல்ஃபாக்களை 2024இல் லினக்ஸ் 6.10 கைவிட்டது, பிந்தையவை தொடர்ந்தன. வயதைப் பார்த்து வெட்டவில்லை. கெர்னல் எதை நம்பி நிற்கிறதோ அதைத் தர முடியாத பெட்டிதான் வெளியே போனது.

ஆள் இல்லாமல் போனவையும் உண்டு. 2018இல் 4.17 பதிப்பு எட்டு பிராசஸர் குடும்பங்களை ஒரே வீச்சில் வெளியேற்றியது. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பு இன்டெலின் இட்டேனியம் பிராசஸரை நீக்கியது. கெர்னலோடு 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு வரும். ஒவ்வொரு பகுதிக்கும் யார் பொறுப்பு என்ற பட்டியல் அது. சில இடங்களில் பெயருக்குப் பதில் 'ஆர்ஃபன்' என்று இருக்கும், அநாதை என்று பொருள். அந்தச் சொல் வந்துவிட்டால் அடுத்த முறை கூட்டிப் பெருக்கும்போது அது போகக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதுகாப்பு இன்னொரு காரணம். டிரைவர் கெர்னலின் முழு அதிகாரத்தோடு ஓடுவது. அதில் ஓட்டை என்றால் வீட்டின் எல்லா அறைகளும் திறந்த மாதிரி. யாரும் தொடாத பழைய நிரல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2015இல் வெளியான 'வெனம்' ஓட்டை நல்ல சாட்சி. அது கெர்னல் டிரைவரில் இல்லை, கியூஎமு நடித்துக் காட்டிய ஃபிளாப்பி டிரைவில் இருந்தது. 2004 முதல் அங்கேயே கிடந்திருக்கிறது. யாரும் ஃபிளாப்பி பயன்படுத்தாத காலத்தில், அதன் வழியாக மெய்நிகர் கணினியிலிருந்து வெளியே குதிக்க வாய்ப்பிருந்தது.

ஆக, நீக்கத்துக்குப் பின்னால் வழக்கமாக இருப்பவை மூன்று: மற்றவர்களின் வேலையைத் தடுப்பது, பொறுப்பேற்க ஆள் இல்லாதது, கவனிப்பாரற்ற ஓட்டை. இவற்றில் நடுவில் உள்ளதுதான் பெரியது என்பது என் எண்ணம். ஆள் இருந்தால் மற்ற இரண்டுக்கும் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

## வேறு பாதையில் நடப்பவர்கள்

எல்லா இயங்குதளங்களும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. 1993இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி, எத்தனை வகைக் கணினிகளில் முடியுமோ அத்தனையிலும் ஓடுவதையே அடையாளமாக வைத்திருக்கிறது. அதன் உத்தி டிரைவரை இரண்டாகப் பிரிப்பது. சிப்போடு பேசும் பகுதி ஒன்று, அந்தச் சிப் எந்தப் பெட்டியில் எப்படிச் செருகப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பகுதி இன்னொன்று. லான்ஸ் என்ற ஏஎம்டியின் ஈதர்நெட் சிப் சன் பெட்டியிலும் இருந்தது, டிஜிட்டலின் டெக்ஸ்டேஷனிலும் இருந்தது. சிப் பகுதியை ஒருமுறை எழுதினால் இரண்டுக்கும் உதவும். சன் வைத்திருப்பவர் கண்டுபிடிக்கும் பிழையால் டெக்ஸ்டேஷன்காரருக்கும் நன்மை. ஆள் பஞ்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஓபன்பிஎஸ்டியின் வழி கொஞ்சம் கறார். ஒவ்வொரு வகைக் கணினிக்கான இயங்குதளமும் அந்த வகைக் கணினியிலேயே கம்பைல் ஆக வேண்டும் என்பது அவர்கள் நடைமுறை. வேகமான பிசியில் செய்து எடுத்துவருவது கணக்கில் சேராது. நாள்கணக்கில் முழு இயங்குதளத்தையும் கம்பைல் செய்து முடிக்கும் பெட்டி, அதுவே பெரிய சோதனையைத் தாண்டியதாகிவிடும். அதைத் தாக்குப்பிடிக்க முடியாதவை விலக வேண்டியதுதான். 2016இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து அங்கே டிஜிட்டலின் பழைய வாக்ஸ் கணினிகளுக்கு இடமில்லை. நெட்பிஎஸ்டியில் வாக்ஸ் இன்னும் இருக்கிறது.

கெர்னல் மட்டும் பிழைத்தால் போதாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பைலர் ஒரு பிராசஸரைக் கைவிட்டால் கெர்னலும் கூடவே விழும். அப்புறம் கடிகாரம். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி, அதை 32 பிட் எண்ணில் வைப்பது பழைய யூனிக்ஸ் வழக்கம். அந்த எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அடுத்த நொடி கடிகாரம் 1901க்குத் தாவும். நெட்பிஎஸ்டி 2012இலும் ஓபன்பிஎஸ்டி 2014இலும் இதை 64 பிட்டாக மாற்றிவிட்டன. 32 பிட் கணினிகளுக்கு லினக்ஸ் கெர்னல் இதற்குத் தயாரானது 2020இல், 5.6 பதிப்பில். மறுபடியும் அதே கதைதான்: 1992இன் பெட்டி மாறவில்லை, அதைச் சுற்றி நாள்காட்டியே மாறுகிறது.

## உங்களிடம் ஒரு பழைய பெட்டி இருந்தால்

நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு பதிப்பு வெளியாகும் முன்பும் 'ஆர்சி' என்ற சோதனைப் பதிப்புகள் வாரம் ஒன்றாக வரும். அதில் ஒன்றை உங்கள் பெட்டியில் ஓட்டிப் பாருங்கள். எழுந்ததா, டிஸ்க் தெரிந்ததா, நெட்வொர்க்கில் ஒரு பெரிய கோப்பை அனுப்பி வாங்கினால் இரண்டும் பைட் மாறாமல் இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். விழுந்தால், கடைசியாக ஓடிய பதிப்பு எது, சீரியல் கன்சோலில் வந்த செய்தி என்ன, பெட்டியின் சரியான மாடல் எது என்ற மூன்றையும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் ஒரு திருத்தம் அனுப்புவார். அதைப் போட்டு, ஓடுகிறது என்று பதில் எழுதினால், கெர்னலின் வரலாற்றில் அந்தத் திருத்தத்தின் கீழே 'டெஸ்டட்-பை' என்று தொடங்கி உங்கள் பெயருடன் ஒரு வரி சேரும். அடுத்து இந்த டிரைவரை நீக்கலாமா என்ற பேச்சு வரும்போது, கடைசியாக இதை யார் ஓட்டிப் பார்த்தது என்று தேடுகிறவர் கண்ணில் படுவது அந்த வரிதான்.